உடைஞ்ச ஓரத்தைப் பாருங்க: நைல் கரை மண்பாண்டம் பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் எகிப்து நாட்டு காப்டிக் மண்பாண்டங்க பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், மீனும் முயலும் பறவையும் வரைஞ்ச சட்டி, ஜாடி, குப்பிங்க, சுமாரா ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தினது. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல, அதுலயும் முக்கால்வாசி நம்ம காரைக்குடி சுத்துவட்டாரத்துல இருந்துதான். வீட்டுக்கு வீடு ரெண்டாங்கட்டுல பழைய ஜாடி நிக்கிற ஊரு, ஆர்வம் இருக்கத்தானே செய்யும். எல்லாத்துக்கும் இங்க எடம் இல்ல, முடிஞ்சத எடுத்திருக்கேன்.

"காப்டிக்"னா நாடா, மதமா, பாஷையா? கட்டுரையில சரியா புரியல. (வாசகர், கோட்டையூர்)

மூணுக்கும் அந்தப் பேர் ஓடுது, அதான் குழப்பம். கிரேக்கத்துல எகிப்துக்கு "ஐகுப்தோஸ்"னு பேரு, அது அரபில "கிப்த்" ஆச்சு, அங்கிருந்து ஐரோப்பா போய் "காப்டிக்" ஆச்சு. அதாவது அடிப்படையில "எகிப்துக்காரர்"னுதான் அர்த்தம். இப்ப எகிப்து கிறிஸ்தவங்கள அப்படிச் சொல்றாங்க. நம்ம பக்கம் தோமையார் வந்தார்னு சொல்ற மாதிரி அங்க மாற்கு வந்து சபைய ஆரம்பிச்சார்னு அவங்க மரபு. பாஷை பழைய எகிப்து பாஷையோட கடைசி வடிவம், கிரேக்க எழுத்துல எழுதி, கிரேக்கத்துல இல்லாத ஒலிக்கு மட்டும் பழைய எகிப்து எழுத்துல இருந்து சிலத எடுத்துக்கிட்டாங்க.

மண்பாண்டத்துல காப்டிக்னு சொன்னா பொதுவா கி.பி. 4ஆம் நூற்றாண்டுல இருந்து 7, 8ஆம் நூற்றாண்டு வரைக்கும் எடுத்துக்குவாங்க. நடுவுல 639ல அரபுப் படை உள்ள வருது, 642க்குள்ள அலெக்சாந்திரியாவும் கைமாறிடுது, ஆனா குயவர் வீட்டுல அப்பன் சொல்லிக் கொடுத்த சட்டியத்தான் மகனும் பேரனும் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதனால ராஜா பேர வச்சு பானைக்கு தேதி போட்டா தப்பாயிடும். செஞ்சவங்க எல்லாரும் கிறிஸ்தவங்கன்னும் எடுத்துக்க வேண்டாம், அது அந்தக் காலத்துக்கு பின்னாடி நாம வச்ச பேரு.

எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தவர். ஒரு தடவ சீமைக்குப் போனப்ப கப்பல் போர்ட் சயீத்துல நின்னதாகவும் அங்க வாங்கினதாகவும் சொல்லி ஒரு சின்ன மண் குப்பி பெட்டகத்துல இருக்கு. ரெண்டு காது, தட்டையான வயிறு, நடுவுல ஒரு ஆள் கைய விரிச்சு நிக்கிறார், ரெண்டு பக்கமும் ஏதோ மிருகம். போட்டோ அனுப்பியிருக்கேன். இது என்னது? விலை போகுமா? (வாசகி, கானாடுகாத்தான்)

ஆச்சி, உங்க போட்டோவ பார்த்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அந்த ஆள் புனித மேனாஸ். ரெண்டு பக்கமும் மண்டி போட்டு தலைய தாழ்த்தி இருக்கிறது ஒட்டகம். மேனாஸ் ரோமப் படையில சிப்பாயா இருந்து விசுவாசத்துக்காக உயிர விட்டவர்னு சொல்றாங்க, அவர் உடம்ப ஏத்திட்டுப் போன ஒட்டகம் ஒரு எடத்துல நின்னுட்டு அதுக்கு மேல நகரவே மாட்டேன்னுச்சாம், அங்கயே அடக்கம் பண்ணாங்களாம். நம்ம ஊர்ல அம்மன் வந்த பெட்டி ஒரு எடத்துல எறக்கி வச்சப்புறம் தூக்க வரலன்னு எத்தன கோயில்ல கதை சொல்றாங்க, அதே மாதிரிதான். அந்த எடம்தான் அபு மேனா, அலெக்சாந்திரியாவுக்கு தென்மேற்க ஒரு அம்பது கிலோமீட்டர்ல பாலைவன ஓரமா இருக்கு. 1905ல கார்ல் மரியா காஃப்மன்ங்கிற ஜெர்மன்காரர் அங்க தோண்ட ஆரம்பிச்சு பெரிய கோயில், சத்திரம், குளியல் கட்டடம், சூளைன்னு ஒரு ஊரையே வெளிய கொண்டு வந்தார், 1979ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல அத சேர்த்தாங்க.

யாத்திரை வந்தவங்க அந்த எடத்துத் தண்ணியோ விளக்கெண்ணெயோ இந்தக் குப்பியில ஊத்தி ஊருக்கு எடுத்துட்டுப் போவாங்க. நம்ம நகரத்தார் காசிக்குப் போனா வாய அடச்ச கங்கைச் செம்பு வாங்கிட்டு வந்து சாமி வீட்டுல வைக்கிறோமே, வேளாங்கண்ணி போனவங்க எண்ணெய் பாட்டில் கொண்டு வர்றாங்களே, அதுதான் இது. 5ஆம் நூற்றாண்டு கடைசியில இருந்து 7ஆம் நூற்றாண்டு நடு வரைக்கும் ஆயிரக்கணக்குல செஞ்சிருக்காங்க, இங்கிலாந்துல லிவர்பூல் பக்கத்துல மீல்ஸ்னு ஒரு கடலோர ஊர்ல கூட ஒண்ணு கிடைச்சிருக்கு. அவ்வளவு தூரம் ஒரு சின்ன மண் குப்பிய உடையாம யாரோ ஒருத்தர் மடியில வச்சு கொண்டு போயிருக்கார்னு நினைச்சாலே எனக்கு மனசு நெகிழ்ந்துடும்.

செஞ்ச விதம் இப்படி: ரெண்டு அச்சு, ரெண்டுலயும் மண்ண விரலால அமுக்கி ரெண்டு பாதியா எடுத்து ஒட்டிடுவாங்க, அப்புறம் கழுத்தும் காதும் கையால வைப்பாங்க. உங்க குப்பிய பக்கவாட்டுல திருப்பி விளிம்ப நல்ல வெளிச்சத்துல பாருங்க, ஒட்டுன தடம் சுத்தி வரும். காது வயித்துல சேர்ற எடத்துல பெருவிரல் பதிஞ்ச குழி தெரியலாம். அடுத்து, காது ஓரத்துல சின்னதா உடைஞ்சிருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அந்த உடைஞ்ச எடத்ததான் எனக்கு கிட்டத்துல இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அபு மேனா சூளை மண்ணு சுட்டா வெளிறின மண்ணு நிறம், பாலாடை நிறம்னு வரும். உள்ளுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா மாவா இருந்தா அது டூரிஸ்ட்டுக்கு பிளாஸ்டர்ல வார்த்தது. போர்ட் சயீத், கெய்ரோன்னு அந்தக் காலத்துலயே நகல் நிறைய வித்திருக்காங்க, அதனால மூஞ்சிய மட்டும் பார்த்து நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

விலை பத்தி கேட்டீங்க. ஆச்சி, சொன்னா கோவிச்சுக்காதீங்க, தயவு செஞ்சு அத விக்க நினைக்காதீங்க. எகிப்துல 1983ல வந்த 117ஆம் எண் சட்டத்தோட பழம்பொருள் வியாபாரமே நின்னு போச்சு, இப்ப வெளிய சுத்துற பொருள்ல எது திருடுனது, எது இல்லன்னு யாருக்கும் சொல்ல முடியறதில்ல. உங்ககிட்ட இருக்கிறதோட பெரிய பலம் ஐயா எப்ப எந்தக் கப்பல்ல போனார், எங்க வாங்கினார்ங்கிற அந்தக் கதைதான். பழைய பாஸ்போர்ட், ஐந்தொகை, கடிதம் ஏதாவது பெட்டகத்துல இருந்தா அத குப்பியோட சேர்த்து வைங்க. கதை பிரிஞ்சு போச்சுன்னா அப்புறம் அது வெறும் மண் குப்பி.

வண்ணம் தீட்டி இருக்குன்னு எழுதுறீங்க, தண்ணி பட்டா அழியாதா? நம்ம பீங்கான் மாதிரி பளபளப்பு இருக்குமா? (வாசகர், பள்ளத்தூர்)

பளபளப்பு கிடையாது. நம்ம ஊர் பர்மா ஜாடி, பீங்கான் எல்லாம் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசி சுட்டது. இது அப்படி இல்லாத மண்ணு. மொதல்ல பானை மேல பாலாடை நிறத்துல மெல்லிசா ஒரு மண் பூச்சு, அது காய்ஞ்சதும் கருப்புல கோடு, கோட்டுக்கு உள்ள செங்காவி. கருப்புக்கு மாங்கனீஸ், சிவப்புக்கு இரும்புக் காவி. பெரும்பாலும் சுடறதுக்கு முன்னாடியே தீட்டுறதால மண்ணோட சேர்ந்து வெந்துடும், தண்ணிக்கெல்லாம் சட்டுனு அழியாது.

கெய்ரோவுல காப்டிக் மியூசியம் இருக்கு, மார்க்கஸ் சிமைக்காங்கிறவர் 1908ல ஆரம்பிச்சது, பழைய கெய்ரோவுல பாபிலோன்னு பேர் கொண்ட பழைய ரோமர் கோட்டைக்குள்ள. அங்க ஒரு ஜாடி முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். தோள்பட்டைல ஒரு கருப்பு வளையம், அத தூரிகைய அசையாம பிடிச்சுக்கிட்டு சக்கரத்த சுத்தவிட்டு போட்டிருக்காங்க, ஆனா ஆரம்பிச்ச எடமும் முடிஞ்ச எடமும் சேரல, ஒரு மயிரிழை கீழ எறங்கி, அந்த எடத்துல ஒரு சொட்டு மை கூடுதலா நின்னு காய்ஞ்சிருக்கு. வளையத்துக்குக் கீழ ஒரு முயல் ஓடுது, முதுகு ஒரே இழுப்பு, காது ரெண்டும் ரெண்டே இழுப்பு, கண்ணுக்கு ஒரு வட்டம் நடுவுல ஒரு புள்ளி. நம்ம ஆச்சிங்க மார்கழில குனிஞ்சு கை எடுக்காம ஒரு கோடு இழுப்பாங்களே, அந்த வேகம். திருத்தவே இல்ல. ஒரு நாளைக்கு எத்தன ஜாடிக்கு அந்தக் கை முயல் போட்டிருக்கும்னு தோணுச்சு.

கண்ணாடிப் பூச்சு எகிப்துல பரவலா வர்றது 8ஆம் நூற்றாண்டு கடைசி, 9ஆம் நூற்றாண்டு வாக்குலதான், ஈயம் சேர்த்த பச்சை, மஞ்சள், பழுப்பு. அதுக்கப்புறம் ஒரு எரநூறு வருஷத்துல உலோகம் மாதிரி மின்னுற பூச்சு வந்துடுது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அப்படி ஒரு கிண்ணம் இருக்கு, சாத்ங்கிற குயவர் கையெழுத்து போட்டது, 11ஆம் நூற்றாண்டு, உள்ள காப்டிக் துறவின்னு சொல்லப்படுற ஒருத்தர் தூபக்கால தொங்கவிட்டு நிக்கிறார். முஸ்லிம் ஆட்சியில கிறிஸ்தவத் துறவி படம் போட்ட விலையுயர்ந்த கிண்ணம். எனக்கு அதவிட ஓடுற முயல்தான் பிடிக்கும், அது என் ரசனை.

இன்னொண்ணு, உங்ககிட்ட எந்த நாட்டு பழைய மண்பாண்டம் இருந்தாலும் புளி, சீயக்காய் போட்டு தேய்க்காதீங்க, எண்ணெய் பூசாதீங்க. பல வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு வண்ணச் சட்டிய அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சு அதோட பாதிப் பூவ இழந்தேன், இன்னிக்கும் அது அலமாரில என்ன பார்த்துக்கிட்டு இருக்கு. பாலைவன மண்ணுல கிடந்த பானைக்குள்ள உப்பு ஊறியிருக்கும், நம்ம ஐப்பசி கார்த்திகை ஈரத்துல அது கரைஞ்சு, காயும்போது மேல வெள்ளையா பூத்து வண்ணத்த தோலோட உரிச்சுடும். ஈரம் ஏறி இறங்காத எடத்துல, சுவர ஒட்டாம, துணி மேல வைங்க. வெள்ளை பூத்தா சுரண்ட வேண்டாம், மியூசியத்துல பாதுகாப்பு வேலை தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

மீன் கிறிஸ்தவ அடையாளம்தானே? அப்ப மீன் போட்ட சட்டி எல்லாம் கோயில் சட்டியா? (வாசகி, தேவகோட்டை)

இல்லம்மா, எல்லாம் அப்படி இல்ல. கிரேக்கத்துல மீனுக்கு "இக்தூஸ்"னு பேரு, அந்த எழுத்துங்கள விரிச்சா "இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்"னு வரும், அதனால மீன் அடையாளம் ஆச்சு, அது வாஸ்தவம். ஆனா நைல்ல மீனும் வாத்தும் தாமரையும் வரையிற பழக்கம் கிறிஸ்து பிறக்கிறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே அங்க உண்டு. சாப்பிடுற சட்டியில மீன் இருந்தா அத சாமி மீன்னு சொல்லவும் கொழம்பு மீன்னு சொல்லவும் நமக்கு உரிமை இல்லன்னுதான் நான் நினைக்கிறேன், செஞ்சவர் மனசுல ரெண்டுமே இருந்திருக்கலாம். நம்ம வாசல் நிலையில செதுக்குன கிளி எல்லாம் மீனாட்சி கைக் கிளியா என்ன?

சிலுவை இருந்தா சந்தேகம் இல்ல. அதுலயும் தலையில வளையம் வச்ச சிலுவை ஒண்ணு வரும் பாருங்க, அது பாரோங்கிற பழைய எகிப்து ராஜாங்க காலத்துல "உயிர்"ங்கிறதுக்கு எழுதுன அடையாளம், அத அப்படியே சிலுவையா எடுத்துக்கிட்டாங்க. பழசத் தூக்கிப் போடாம புதுசுக்குள்ள வச்சுக்கிட்ட அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஆத்தங்குடி கல்லுல வர்ற பூ டிசைன் காப்டிக் டிசைன் மாதிரியே இருக்கே, அங்கிருந்து வந்ததா? (வாசகர், ஆத்தங்குடி)

கிடையாதுங்க. நம்ம ஆத்தங்குடிக் கல்லு சிமெண்ட், மணல், கலர் பொடிய கண்ணாடி மேல ஊத்தி வெயில்ல காய வைக்கிறது, சூளைக்கே போகாது. வட்டத்துக்குள்ள பூ உலகத்துல எல்லா ஊர்லயும் வரும்.

நான் மானாமதுரை, எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா சக்கரம் சுத்துறோம். அவங்க என்ன மண்ணு எடுத்தாங்க, என்ன சக்கரம்? உடைஞ்ச ஓட்ட வச்சு ஊரக் கண்டுபிடிக்கலாம்னு எழுதியிருந்தீங்க, எப்படி? (வாசகர், மானாமதுரை)

ஐயா, உங்க கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். கடத்துக்கு எந்தக் கண்மாய் மண்ணு, எவ்வளவு மணல்னு கையாலயே சொல்றவங்க நீங்க, உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

எகிப்துல முக்கியமா மூணு மண்ணு. ஒண்ணு நைல் வண்டல், வெள்ளம் கொண்டு வந்து போட்டது, இரும்புச் சத்து ஜாஸ்தி, சுட்டா பழுப்பு செவப்பு. பிசுபிசுப்பு குறைய வைக்கோல் தூள் கலப்பாங்க, அது சூளைல எரிஞ்சு போய் உடைஞ்ச ஓரத்துல நீள நீளமா சின்ன ஓட்டை தெரியும், பல ஓட்டுல நடுவுல கருப்பாவும் ரெண்டு பக்கம் செவப்பாவும் பட்டை பட்டையா இருக்கும், நடு வேகலன்னு அர்த்தம். ரெண்டாவது சுண்ணாம்பு மண்ணு, பாலைவன ஓரத்துப் பாறையில இருந்து, தெக்க கெனாங்கிற ஊர் பக்கம் இப்பவும் எடுக்கிறாங்க, சுட்டா வெளிறி பாலாடை நிறம், சிலது லேசா பச்சை. மூணாவது தெக்க அஸ்வான் மண்ணு, மெல்லிசா இளஞ்செவப்பு, நயமான மண்ணு. துனீசியால இருந்து வந்த செவப்புப் பூச்சுச் சட்டிங்கள பார்த்து அஸ்வான்காரங்க அதே மாதிரி தட்டும் கிண்ணமும் இந்த மண்ணுல செஞ்சாங்க, பூச்சு மேல பார்த்தா ரெண்டும் ஒண்ணு போல இருக்கும், ஓரத்த உடைச்சுப் பார்த்தா துனீசியா மண்ணு செங்கல் நிறம், அஸ்வான் மண்ணு ரோஸ். இதுக்குத்தான் ஓரத்தப் பாருங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன், படம் யார் வேணா பார்த்துப் போடலாம், மண்ண மாத்த முடியாது.

சக்கரம் காலால உதைச்சு சுத்துறது, நம்ம பழைய கோல் சக்கரம் மாதிரி இல்ல, அதனால ரெண்டு கையும் எப்பவும் மண்ணு மேலயே இருக்கும். ஒயின் ஊத்துற பழுப்பு ஜாடிங்க கேரட் மாதிரி கீழ கூம்பி வரும், உள்ள கசியாம இருக்க கீல் பூசுவாங்க, வாய மண்ணு வச்சு அடச்சு முத்திரை குத்துவாங்க. 243ல ஆக்ஸிரிங்கஸ் ஊர்ல போட்ட ஒரு குத்தகைப் பத்திரம் பாப்பிரஸ்ல, அதாவது நாணல்ல செஞ்ச அந்தக் காலத்துக் காகிதத்துல கிடைச்சிருக்கு, பாயேசிஸ்ங்கிற குயவர் வருஷத்துக்கு 15,000 ஜாடி செஞ்சு, சுட்டு, கீல் பூசித் தரணும்னு ஒப்பந்தம். மண்ணு, விறகு, கீல் நிலக்காரர் தரணும். காப்டிக் காலத்துக்குக் கொஞ்சம் முந்தினதுதான், ஆனா அந்த உழைப்பு எவ்வளவுன்னு உங்களவிட யாருக்குப் புரியும்.

எங்க வீட்டுல இன்னும் பானைத் தண்ணிதான். அவங்க பானையில விசேஷம் உண்டா? (வாசகி, கண்டனூர்)

உண்டு. பூச்சில்லாத மண்ணு கசிஞ்சு காத்துல ஆவியாகி உள்ள குளிர்ற கணக்கு ஒண்ணுதான். அங்க கூஜாவோட கழுத்துக்கு உள்ள வட்டமா ஒரு மண் வில்லை வச்சு ஓட்டை போட்டிருப்பாங்க, பூச்சி விழாம. ஃபுஸ்தாத்துல, அதாவது பழைய கெய்ரோவுல, 10ல இருந்து 12ஆம் நூற்றாண்டு வரைக்கும் அந்த வில்லையில பறவை, மீன், யானை, எழுத்துன்னு ஊசி முனையில குத்துன மாதிரி வேலைப்பாடு. வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. தண்ணி குடிக்கப் போறவர் கூஜா வாயில குனிஞ்சு பார்த்தாத்தான் உள்ள ஒரு மயில் நிக்கும்.

நமக்கும் அவங்களுக்கும் போக்குவரத்து இருந்துச்சா? (மாணவர், காரைக்குடி)

இருந்துச்சு தம்பி, காப்டிக் காலத்துக்கு ரொம்ப முன்னாடியே. செங்கடல் ஓரம் குசேர் அல் காதிம்னு ஒரு துறைமுகத்துல கிடைச்ச ஓட்டுல "பானை ஒறி"ன்னு தமிழ் பிராமில எழுதியிருக்கு, கயித்து உறில தொங்குற பானைன்னு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னார், சுமாரா ரெண்டாயிரம் வருஷப் பழசு. அதே கடலோரம் பெரெனிகேங்கிற துறைமுகக் கோயில்ல இந்தியச் சாடி ஒண்ணுல ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்துச்சு. அப்புறம் 6ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியா வியாபாரி காஸ்மாஸ் மிளகு விளையிற மலபார் பத்தியும் இலங்கை பத்தியும் எழுதி வச்சிருக்கார், நீங்க கேட்ட காப்டிக் காலம் அதுதான். ஆனா அதுக்காக நம்ம பானையப் பார்த்து அவங்க செஞ்சாங்கன்னோ அவங்களப் பார்த்து நாம செஞ்சோம்னோ சொல்லிடாதீங்க.

உடைஞ்சா என்ன பண்ணுவாங்க? எங்க அப்பத்தா உடைஞ்ச பானை ஓட்டுல கரி வச்சு பால் கணக்கு எழுதும். (வாசகர், புதுவயல்)

உங்க அப்பத்தா பண்ணதத்தான் அவங்களும் பண்ணாங்க. பாப்பிரஸ் விலை ஜாஸ்தி, ஓடு சும்மா கிடைக்கும், அதனால வரி ரசீது, கடன் சீட்டு, கடிதம், ஜெபம் எல்லாம் ஓட்டுல மசியால எழுதினாங்க. தீப்ஸ் மேற்குக் கரையில, இப்ப லக்சர்னு சொல்ற ஊருக்கு எதிர்ப்பக்கம், ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு. 8ஆம் நூற்றாண்டுல அங்க ஃபிராஞ்ச்ங்கிற துறவி ஒருத்தர் பழைய கல்லறைக்குள்ள குடியிருந்தார், துணி நெய்வார், புத்தகம் கட்டுவார், நாள் முழுக்க யாருக்காவது ஓட்டுல எழுதிக்கிட்டே இருப்பார், அவர் கடிதமே நூத்துக்கணக்குல இருக்கு.

இந்த ஓட்டுக் கடிதங்கள்ல அடிக்கடி ஒரு வரி வரும், பாப்பிரஸ் கிடைக்கல, மன்னிச்சுக்கங்கன்னு. ஓட்டுல எழுதுறது மரியாதைக் குறைவுன்னு அவங்களுக்கே ஒரு கூச்சம். அந்தக் கடிதம் பாப்பிரஸா இருந்திருந்தா கரையான் தின்னுருக்கலாம், ஓடுங்கிறதால மன்னிப்பு கேட்ட அந்த வரியே நம்ம கைக்கு வந்துருக்கு. அப்பத்தா எழுதுன ஓடு ஏதாவது வீட்டுல இன்னும் இருக்கா? இருந்தா கழுவிடாதீங்க, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.